ஒப்படைத்த பட்டம்

செண்பகவல்லி தன் பி.எஸ்சி. பட்டத்தை ஒப்படைக்க இ-சேவை மையத்துக்குப் போனபோது, அவளுக்கு முன்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். ஆறு பேருமே அக்காக்கள்.

குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு மட்டும்தான் கல்விக் கட்டணச் சலுகை. வீட்டில் ஏற்கெனவே பட்டதாரி இருந்தால், அவர் தன் பட்டத்தைத் துறந்து அடுத்தவருக்கு வழிவிடலாம் என்று போன வருடம் விதி வந்தது. சலுகை கிடைக்காவிட்டால் தம்பி உலகநாதனுக்குக் கிடைத்த பொறியியல் இடம் கைவிட்டுப் போய்விடும்.

"வேதியியலா? எங்க வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார் கணினி முன் இருந்தவர்.

"மருந்துக் கம்பெனி ஆய்வகத்துல."

"நாளையிலேர்ந்து ஆய்வகத்துக்குள்ள விடமாட்டாங்க. பேக்கிங்ல கேட்டுப் பாருங்க. எங்கக்காவும் இப்ப பேக்கிங்லதான் இருக்கு."

அவள் கைரேகைக் கருவியில் விரலை வைத்தாள். திரையில் அவள் பெயருக்கு எதிரே 'பி.எஸ்சி.' என்றிருந்தது 'பன்னிரண்டாம் வகுப்பு' என்று மாறியது. பக்கத்தில் நின்ற உலகநாதனின் கைப்பேசிக்குச் சலுகை உறுதியான செய்தி வந்தது.

ஆவணி மாதம் கல்லூரியில் வரவேற்பு விழா. சலுகை பெற்றவர்கள் சார்பில் உலகநாதன் பேச வேண்டும். பேக்கிங் வேலை முடிந்து வந்தவளிடம் ஒரு தாளை நீட்டினான்.

"நல்லா இருக்கான்னு பாருக்கா."

'எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இல்லை' என்று தொடங்கியிருந்தான். அவள் கடைசி வரி வரை நிதானமாக வாசித்தாள்.

"அம்மா கஷ்டப்பட்டதையும் ரெண்டு வரி சேத்துக்கடா," என்றாள். "அப்பதான் கை தட்டுவாங்க."