சர்க்கரைத் தாளில் சிவப்பு

கனடாவின் மூஸ் ஜா ஊரில் மத்தியான வெயில் வெளியே கிடக்கும் பனியில் பட்டு, கொலீனின் சமையலறைக்குள் வெள்ளையாக அடிக்கிறது. மேசையில் மாமனார் மாமியாரின் கல்யாணப் பொன்விழாக் கேக் படத்துக்காகக் காத்திருக்கிறது. சாயங்காலம் சர்ச் கூடத்தில் விருந்து. கேக்கின் மேல் ஒட்ட வேண்டிய அவர்களின் கல்யாணப் படம் ஒருமுறை பச்சை முகங்களோடு வந்துவிட்டது. பல வாரம் ஓடாத பிரிண்டரில், தின்னக்கூடிய சிவப்பு மை காய்ந்து, மை வரும் முனையை அடைத்திருக்கிறது. படத்தை அச்சடித்துக் கேக்கில் ஒட்டும் சர்க்கரைத் தாள் இனி மிச்சம் ஒன்றே ஒன்றுதான். “அப்பா அன்னைக்குப் பயந்திருப்பார்தான், அதுக்காக இவ்வளவு பச்சையாவா?” என்கிறான் அவள் கணவன் வெண்டல். “சும்மா இரு. கை ஆடாம ஒத்து,” என்கிறாள் கொலீன். வெந்நீரில் நனைத்த காகிதத் துண்டில் அவன் முனையை மெல்ல ஒற்றுகிறான். முதலில் ஒன்றுமில்லை. மறுபடி ஒற்றும்போது ரோஜா நிறக் கீற்றொன்று ஈரத்தில் ஊறிப் படர்கிறது. சாதாரணத் தாளில் சோதித்தால் சிவப்புக் கோடுகள் அறுபடாமல் விழுகின்றன. அவள் சர்க்கரைத் தாளை உள்ளே செருகுகிறாள். பிரிண்டர் முனகிக்கொண்டே நகர்கிறது. மணப்பெண்ணின் வெள்ளை முக்காடு வருகிறது, பிறகு நெற்றி, கன்னம், உதடு, எல்லாம் மனித நிறத்தில். கொலீன் கணவனின் சட்டைக்கையைக் கசங்கப் பிடித்திருக்கிறாள். “மூச்சு விடும்மா,” என்கிறான் அவன், “அப்பாவோட ஷூ வரைக்கும் வந்தாச்சு.”