தங்குபவர்களுக்கு மட்டும்

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று டெஸ்ஸா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஒருத்தரும் பாக்கல. நீ பாட்டுக்கு வாஃபிள சாப்பிடு."

கெண்ட்ராவின் மடியில் நீச்சல் பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மேலே ஒரு துண்டு. துண்டுக்கு அடியில் அவித்த முட்டை, வாழைப்பழம், குட்டி குட்டி ஜாம் டப்பா. அவர்கள் தங்கியிருந்த மோட்டலில் காலைச் சாப்பாடு இலவசம். அதையே மத்தியானச் சாப்பாடாகவும் ஆக்கியது கெண்ட்ராவின் சொந்தக் கண்டுபிடிப்பு.

வேறு வழியும் இல்லை. போன கோடையில் "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்று சொல்லி, பிள்ளைகளை வீட்டு வாசலில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஆடவிட்டவள் அவள். இந்த வருஷம், தான் வேலை பார்க்கும் பல் டாக்டரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, மிச்சிகன் ஏரிக்கரைக்கு வந்தாயிற்று. மத்தியானம் கடையில் சாப்பிடாமல் இருந்தால்தான் கிளம்புகிற அன்றைக்குப் படகுச் சவாரி. சின்னவன் வெஸ்லி தூக்கத்தில்கூடப் படகு ஓட்டிக்கொண்டிருந்தான்.

நல்லவேளை, லொரெய்ன் சரியான அசடாக இருந்தாள். வரவேற்பு மேஜை, காலைச் சாப்பாடு இரண்டையும் பார்த்துக்கொள்பவள் அவள்தான். முதல் நாள் காலையில் மட்டும் பையை முறைத்து முறைத்துப் பார்த்தாள். மறுநாளிலிருந்து, கெண்ட்ரா பையைத் திறந்தால் போதும், முதுகைக் காட்டிக்கொண்டு வாஃபிள் சுடுகிற மெஷினைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

"எல்லாம் நேரம் பாத்து செய்யணும்டி" என்று மகளிடம் பெருமையடித்துக்கொண்டாள் கெண்ட்ரா. கார் சாவியைத் தினமும் வீடு முழுக்கத் தேடுகிறவளுக்கு இப்படி ஒரு திறமை ஒளிந்திருந்தது அவளுக்கே ஆச்சரியம்தான்.

இன்றைக்குத்தான் சிக்கல். மஃபின் தட்டு காலி. பேகல் ரொட்டிக் கூடையும் காலி.

எதிர் மேஜையில் ஒரு பெண்ணும் அவள் பிள்ளைகளும் ஆளுக்கொரு மஃபினைத் தின்றுகொண்டிருந்தார்கள். இரவு உடையில், தலை வாராமல், தினமும் வாகன நிறுத்தத்தின் பக்கமிருந்துதான் வருகிறார்கள்.

"அவங்க ரூமே எடுக்கலம்மா" என்றான் வெஸ்லி. "வேன்லதான் தூங்கறாங்க. கண்ணாடி பூரா தலகாணி வச்சு அடைச்சிருக்கு. நான் பாத்தேன்."

கெண்ட்ராவுக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாடு, ரூமே எடுக்காதவர்களின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது! சுவரில் கொட்டை எழுத்தில் எழுதித்தானே வைத்திருக்கிறார்கள், 'காலை உணவு இங்கே தங்குபவர்களுக்கு மட்டும்' என்று?

எழுந்தாள்.

"அம்மா, வேணாம்மா. ப்ளீஸ்."

"தப்புன்னா தப்புன்னு சொல்லணும்டி கண்ணு. நாம சொல்லலன்னா யாரு சொல்லுவா?"

முட்டை நசுங்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நியாயம் கேட்கப் புறப்பட்டாள். வரவேற்பு மேஜையில் லொரெய்ன் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"லொரெய்ன், ஒரு விஷயம். எனக்கென்ன வந்துச்சுன்னு போலாம். ஆனா மனசு கேக்கல. அந்த மேஜையில இருக்கறவங்க இங்க ரூம் எடுக்கல."

"தெரியும், கண்ணு."

"தெரியுமா?"

"வந்த அன்னிக்கே நேரா எங்கிட்ட வந்து கேட்டாங்க. வாடகை வீடு கைய விட்டுப் போயிடுச்சாம். புள்ளைங்ககிட்ட கோடை லீவுக்கு ஊர் சுத்த வந்திருக்கோம்னு சொல்லி வச்சிருக்காங்க. காலைல மட்டும் சாப்ட்டுக்கலாமான்னாங்க. மொதலாளிகிட்ட கேட்டேன். தாராளமான்னுட்டாரு."

கெண்ட்ராவுக்குக் காது மடல் சுட்டது. அந்த வேன் பிள்ளைகளும் பள்ளி திறந்ததும் அதே பொய்யைத்தான் பெருமையாகச் சொல்லும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் எடுத்த பேச்சிலிருந்து எப்படி இறங்குவது என்று தெரியவில்லை.

"அதுக்கில்ல... பாவம்தான். ஆனா ஒரு முறைன்னு இருக்குல்ல? இன்னிக்கு இவங்கள விட்டா நாளைக்கு ஆளாளுக்கு வந்து அள்ளிட்டுப் போவாங்க."

சொல்லும்போதே தோள் பையிலிருந்து ஒரு ஜாம் டப்பா நழுவி, மேஜைமேல் விழுந்து உருண்டு, லொரெய்னின் காப்பிக் கோப்பையில் முட்டிக்கொண்டு நின்றது.

லொரெய்ன் அதை எடுத்து, ஒன்றுமே நடக்காததுபோல் பைக்குள் திரும்பப் போட்டாள். துண்டையும் இழுத்து மூடிவிட்டாள்.

"நீங்க மொத நாள் சாப்பிட வந்தப்ப அந்தம்மா இன்னொண்ணும் கேட்டாங்க" என்றாள். "உங்களப் பத்தி."

"என்னப் பத்தியா? எனக்கு அவங்க யாருன்னே தெரியாதே!"

"'மூலை மேஜையில இருக்கற அம்மா பையில ஒளிச்சு ஒளிச்சு எடுத்துட்டுப் போறாங்க. பாவம், மத்தியானத்துக்கு வழியில்ல போல, வாய் விட்டுக் கேக்கவும் கூச்சம். அவங்க பொண்ணு வேற தலை குனிஞ்சு ஒக்காந்திருக்கு. இனிமே அவங்க பையத் தொறந்தா நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்களா?'ன்னாங்க."

லொரெய்ன் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க வாஃபிள் மெஷின் இவ்வளவு பளபளன்னு இருந்ததே இல்ல, கண்ணு."