மாதிரிக் காசு

"பெட்டியில இருக்கிற அத்தனையும் கள்ளக் காசு. வர்ற ஜனம் மொத்தமும் கள்ளக் காசோடயா வரும்? நல்லதை எடுத்துட்டு இதைப் போட்டு வச்சிருக்கா," என்றார் மேனேஜர்.

காசு போட்டால் பொம்மையைக் கவ்வி எடுக்கும் விளையாட்டு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண், ரிப்பேருக்கு வந்த என்னைப் பார்த்தாள்.

"நான் எடுக்கலண்ணே. நல்ல காசைப் போட்டா மெஷின் துப்பிடுது. ஒரு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன், யாரும் காதுல வாங்கல."

"அது எப்படிய்யா துப்பும்?"

"உள்ளே மாதிரிக்கு ஒரு காசு வச்சிருப்போம் சார். விழுற காசு அதே எடை, அதே உலோகமா இருந்தாத்தான் உள்ளே விடும். இல்லேன்னா வெளியே தள்ளிடும்."

"சரி, திறந்து பாரு."

திறந்து கையை விட்டேன். இரண்டு நிமிட வேலை. மூடினேன்.

மேனேஜர் தன் பையிலிருந்து ஒரு நல்ல காசை எடுத்துப் போட்டார். அது சமர்த்தாக உள்ளே போனது. விளக்கு எரிந்தது.

"இப்ப என்ன சொல்றே?"

அவள் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தாள்.

"மெஷின்ல கோளாறு ஏதும் இருந்துச்சாண்ணே?"

"இல்லம்மா."

அழவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளிருந்து எடுத்த பழைய மாதிரிக் காசு என் சட்டைப் பையில் கிடந்தது. போன மாதம் டீக்கடைக்காரர் செல்லாது என்று என்னிடம் திருப்பித் தந்த காசு. காலத்துக்கும் உள்ளேயே கிடக்கப்போவதற்கு நல்ல காசு எதற்கு என்று நான்தான் வைத்தேன்.