வளையலின் அடர்த்தி

பாலிடெக்னிக் ஆய்வகத்தில் உலோகங்களின் அடர்த்தியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த தமயந்தி மேடம், யாரிடமாவது தங்கத்தில் ஏதாவது இருந்தால் அளந்தே காட்டலாம் என்றார். புதிதாக நிச்சயமாகியிருந்த பூங்கோதை பெருமையோடு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா சபையில் வைத்துப் போட்டுவிட்ட வளையல். மேடம் அதைத் தராசில் எடை பார்த்தார். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடியும் எடை பார்த்தார். கணக்குப் போட்ட சேவியர் யோசிக்காமல் சத்தமாகச் சொல்லிவிட்டான்: “மேடம், இது பித்தளைக்குத்தான் வருது.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பூங்கோதைக்கு இன்னும் கூசியது. “தராசு சரியில்ல போல,” என்றார் மேடம். நகையைக் கேட்டிருக்கவே கூடாது என்று அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

பூங்கோதை ஈரத்தைத் துப்பட்டாவில் துடைத்து வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். “போட்டுவிடும்போது அத்தை என் முகத்தையே பாக்கல மேடம். கூச்ச சுபாவம்னு நெனச்சேன்.” பிறகு வகுப்பின் பக்கம் திரும்பினாள்.

“எல்லாரும் கல்யாணத்துக்கு வருவீங்கல்ல? அத்தை இருக்கும்போது யாரும் என் கையப் பாக்காதீங்க.”