செத்த லைன்

டெல்லி ஆர்.கே.புரம் அலுவலகத்தின் சில்லிட்ட அறையில், இரைகிற நெட்வொர்க் ஸ்விட்சின் முன்னால் மாதங்கி லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கட்டடம் முழுக்க இணையம் இல்லை. "ஜல்தி! என்னம்மா பண்ணிண்டிருக்கே?" வாசலில் டைரக்டர் சந்திரமௌலி கத்துகிறார். ஒரு லைன் அறுந்தால் ஸ்விட்ச் தானே வேறு பாதை தேடிக்கொள்ளும். "அதெல்லாம் வேண்டாம், எல்லாம் புது லைன்லயே போகட்டும்" என்று போன மாதம் ஸ்விட்சுக்குள் அப்படியொரு கட்டளை வரியை அவளை எழுதவைத்தவர் இவர்தான். காலையில் அந்த லைன் அறுந்துவிட்டது. ஸ்விட்ச் இன்னும் அதிலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியை அழிக்கிறாள். ஸ்விட்ச் வேறு பாதைக்கு மாறுகிறது; பச்சை விளக்குகள் படபடவெனச் சிமிட்டுகின்றன. "பாத்தியா? நான் கத்தினாதான் வேலை நடக்கறது." மாற்றத்தை ஸ்விட்சில் சேமிக்காமலே லேப்டாப்பை மூடுகிறாள். அடுத்த முறை கரண்ட் போய் வந்தால் பழைய வரி திரும்பி வரும், இணையம் மறுபடி போகும். அப்போதும் கத்தட்டும்.