பொருளாதார விருந்து

மத்திய வங்கி ஆளுநராக இருந்து நிதியமைச்சரான ஆப்பிரிக்க மேதை டாக்டர் ஒகோரி, பீளமேட்டு பம்ப்செட் முதலாளி மதன்குமார் வீட்டுக்குத் தம்பதியாக விருந்துக்கு வந்திருந்தார். அந்த நாட்டு பம்ப்செட் ஆர்டர் கிடைத்தால்தான் கம்பெனி பிழைக்கும்.

“அம்மணி, பொம்பளைங்க உள்ள பேசிட்டு இருங்க!”

மனைவி லோகப்பிரியாவோடு விருந்தாளி அம்மாவையும் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, கோட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார் மதன்குமார். ஒரு தட்டு சந்தகை தீர்வதற்குள் உலகப் பணவீக்கத்தையே தன் இங்கிலீஷால் அடக்கிப் போட்டார். அவரும் சளைக்காமல் தலையாட்டினார்.

“எப்படிங்க நம்ம ஐடியா?”

“பிரமாதம்! ஆனால் நான் டிரம்பெட் வாசிப்பவன். டாக்டர் ஒகோரி என் மனைவி.”

மதன்குமார் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

லோகப்பிரியா சிரித்தபடி வந்தாள்.

“ஏனுங்க, மேடத்துக்கு நம்ம மோட்டாரு புடிச்சுப்போச்சுங்க. ஃபேக்டரியச் சுத்திக் காட்டிப்போட்டு வாரேன். ஆம்பளைங்க ஊட்டுல பேசிட்டு இருங்க!”