மேல்வீட்டு இரைச்சல்

மதியம் கதவைத் தட்டிய கீழ்வீட்டு அக்காவின் முகம் கடுகடுவென்றிருந்தது. உள்ளே டிரம்ஸ் இடித்தது. பெருங்கூட்டமாகப் பலர் பாட, எல்லோருக்கும் மேலே ஒரு பெண் குரல் உச்சத்துக்குப் போனது.

“கைக்குழந்தை இருக்கற வீட்டுல இந்த மெட்டல் பாட்டு எதுக்குத் தம்பி? ஒரு தாலாட்டு போடக்கூடாதா?”

குழந்தையைத் தோளில் போட்டிருந்தவனுக்குத் தூக்கமில்லாமல் கண்கள் சிவந்திருந்தன. பாட்டை நிறுத்தினான். குழந்தை வீறிட்டது. அக்கா வாங்கித் தாலாட்டிப் பார்த்தாள். அழுகை கூடியதுதான் மிச்சம்.

“தாலாட்டுக்கெல்லாம் மசியமாட்டாக்கா. இவ வயித்துல இருக்கும்போது ரெக்கார்டிங் பண்ணின ஆல்பம் இது.”

“அப்ப பாடுறது?”

“இவ அம்மாதான். கச்சேரிக்குப் போயிருக்கா. அடுத்த வாரந்தான் வருவா.”

பாட்டை மறுபடி போட்டான். அந்தக் குரல் எழுந்ததும் அழுகை அடங்கியது. குழந்தை விரலைச் சப்பியபடி அக்காவின் தோளில் கண்ணை மூடியது.

“சத்தத்தைக் குறைக்கட்டுமாக்கா?”

“வேணாம். நான் வச்சிருக்கேன், நீ போய்ப் படு.”